பேரு பெத்த பேரு... ஸ்பேர் கிடைக்குமா?

இன்டர்னல் மார்க், ரெக்கார்டு நோட்டு, அரியர் ஃபீஸ் எல்லாம் ஒரு அரை மணி நேரம் ஓரமாக இருக்கட்டும். இந்த வாரம் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. மூச்சு நின்றுபோன ஒரு பைக் கம்பெனியை ஒருத்தர் காசு கொடுத்து வாங்கி, தூசி தட்டி, பழைய எம்ப்ளத்தைப் பளபளவென்று மாட்டி, புகை, லேசர் லைட் எல்லாம் போட்டு மேடையேற்றினால்... அது பிழைக்குமா, பிழைக்காதா?

"இது எம்.பி.ஏ. பசங்க சமாச்சாரம்"னு அடுத்த பக்கத்துக்குத் தாவிடாதீங்க பாஸ். விஷயம் நம்ம ஓசூர் சம்பந்தப்பட்டது. 2020 ஏப்ரலில், நாடே லாக்டவுனில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி சத்தமில்லாமல் ஒரு வேலை செய்தது. இங்கிலாந்தின் 'நார்ட்டன்' மோட்டார் சைக்கிள் கம்பெனியை 1 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு வாங்கிப் போட்டது. நம் பணத்தில் 150 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் விட்டு வளர்ந்த கம்பெனி, 1898-ல் பர்மிங்ஹாமில் பிறந்த வெள்ளைக்காரக் கம்பெனியை வாங்குகிறது என்றால் காலரைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றுமா, தோன்றாதா?

தோன்றும். தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கம் இதற்கென்றே ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் ஆந்திராவிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்த வட்டாரம் இது. டீக்கடையில் தமிழில் ஆரம்பிக்கிற பேச்சு தெலுங்கில் முடியும். "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது!" பேர் என்னவோ பெரிய பேர்தான், குடிக்கத்தான் தண்ணி இல்லை. பழைய பைக் கம்பெனியின் பேரை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கவிழ்வது இந்த ஒரு வரியில்தான்.

சரி, நார்ட்டன் அப்படி என்ன பெரிய பேர்? உங்கள் ஹாஸ்டல் கொடியில் ஒரு சே குவேரா டி-ஷர்ட்டாவது காய்ந்துகொண்டிருக்கும். மருத்துவ மாணவராக இருந்த அந்த சே, 1952-ல் தன் நண்பர் ஆல்பர்ட்டோ கிரனடோவோடு தென் அமெரிக்காவைச் சுற்றினாரே, அந்த வண்டி ஒரு நார்ட்டன் 500. 'லா போதெரோசா' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'வலிமை மிக்கவள்' என்று அர்த்தம். வலிமை மிக்கவள் வழி நெடுக விழுந்து, உடைந்து, கம்பியால் கட்டுப்போடப்பட்டு, கடைசியில் சிலி நாட்டில் ஒரேயடியாகப் படுத்துவிட்டாள். மீதிப் பயணம் லாரியில் தொற்றிக்கொண்டுதான். (அப்போதே ஸ்பேர் பிரச்னைதான் போலிருக்கிறது!)

ரேஸில் நார்ட்டன் கில்லி. ஐல் ஆஃப் மேன் தீவில் 1907-ல் நடந்த முதல் டி.டி. பந்தயத்திலேயே இரட்டை சிலிண்டர் பிரிவில் ஜெயித்தது நார்ட்டன்தான். 1967-ல் வந்த 'கமாண்டோ' மாடலுக்கு இன்றைக்கும் உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. ஆனால், 1969-ல் ஹோண்டா தன் நான்கு சிலிண்டர் 750-ஐ இறக்கியதும் இங்கிலாந்துக் கம்பெனிகளின் பிழைப்பு ஆட்டம் கண்டது. பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகிற, எண்ணெய் ஒழுகாத வண்டி ஒன்று பக்கத்துக் கடையில் நின்றால், 'பாரம்பரியம்' என்று சொல்லி எத்தனை நாள் ஓட்ட முடியும்? 70-களின் முடிவுக்குள் நார்ட்டன் கதை கிட்டத்தட்ட முடிந்தது. அதற்கப்புறம் பேர் மட்டும் கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது.

2008-ல் வாங்கிய இங்கிலாந்துத் தொழிலதிபர் ஒருவர் அழகான வண்டிகளைக் காட்டினார். 44 ஆயிரம் பவுண்டு விலையில் வி4 என்று ஒரு மாடல்! பத்திரிகைக்காரர்கள் கொண்டாடினார்கள். 2020 ஜனவரியில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனபோதுதான் உள்ளே இருந்த ஓட்டை தெரிந்தது. முன்பணம் கட்டியவர்களில் பலருக்கு வண்டி வரவில்லை. 200-க்கும் மேற்பட்ட சாதாரண ஆட்களின் ஓய்வூதியச் சேமிப்பு இந்தக் கம்பெனியில் கொட்டப்பட்டிருந்தது. அந்த முதலீடு சட்டத்துக்குப் புறம்பானது என்று நீதிமன்றத்தில் அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். டி.வி.எஸ். வாங்கியது இந்த நிலைமையில் இருந்த நார்ட்டனை. பேருக்கும் அழுக்குப் படிந்திருந்தது.

ஓசூருக்குப் போகும் முன்னால் திருவொற்றியூருக்கு ஒரு நடை போய் வந்துவிடலாம். ஏனென்றால், இதே பரீட்சையை எழுதி டிஸ்டிங்ஷனில் பாஸான ஆள் அங்கேதான் இருக்கிறார்.

ராயல் என்ஃபீல்டு! எல்லையில் ரோந்து போக வண்டி வேண்டும் என்று 50-களில் இந்திய அரசு 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அந்தச் சூட்டோடு 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரக் கம்பெனியும் நம்ம மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970-ல் கண்ணை மூடிவிட்டது. பிள்ளை மட்டும் திருவொற்றியூர்க் கடல் காற்றில் 'டப் டப் டப்' என்று உயிரோடு இருந்தது. 1977-ல் அந்தப் பிள்ளை அதே இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தது ஒரு தனி சினிமா.

ஆனால், உயிரோடு இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு இல்லையா? 80-களில் ஹீரோ ஹோண்டா வந்தது. லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று நாடு முழுக்க ஒரே பேச்சு. என்ஃபீல்டும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனி நுட்பத்தை வாங்கி, ராணிப்பேட்டையில் தொழிற்சாலை போட்டு, 'சில்வர் பிளஸ்', 'எக்ஸ்ப்ளோரர்', 'ஃப்யூரி' என்று குட்டி வண்டிகளை இறக்கிப் பார்த்தது. உங்கள் மாமாவைக் கேளுங்கள், சில்வர் பிளஸ் ஞாபகம் இருக்கும். எதுவும் நிலைக்கவில்லை. ஊரோடு ஒத்து ஓடப் போய் சொந்த நடையும் மறந்துபோகும் நிலைமை. 1994-ல் ஐஷர் கம்பெனி கைக்குப் போனது. அப்போதும் விடியவில்லை.

2000-ம் வருஷம். மாதம் 6,000 வண்டி செய்ய வசதி இருக்கிற கம்பெனியில் 2,000 வண்டிதான் தயாராகிறது. இழுத்து மூடலாமா, விற்றுவிடலாமா என்று ஐஷர் போர்டு ரூமில் பேச்சு. அப்போது, "எனக்கு ஒரு சான்ஸ் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கியவர் முதலாளியின் மகன் சித்தார்த்த லால். வயது 26 சொச்சம். நம்ம சீனியர் அண்ணன்கள் வயசு! (முதலாளி மகனாக இருந்ததால் சான்ஸ் கிடைத்தது என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் யாரும் இப்படிக் கம்பெனியையே தூக்கிக் கொடுப்பதில்லை.)

அவர் என்ன செய்தார் என்பதில்தான் இந்தப் பக்கத்துக்கான விஷயமே இருக்கிறது. மேடை போடவில்லை. ஜெய்ப்பூரில் இருந்த புதுத் தொழிற்சாலையை மூடினார். பிறகு புல்லட்காரர்களிடம் போய் உட்கார்ந்து அவர்கள் பாட்டைக் கேட்டார்.

பாட்டு பெரிய பாட்டு. பழைய புல்லட் ஓட்டியவர்கள் வீட்டில் இருந்தால் தெரியும். ஸ்டார்ட் செய்வதே ஒரு பூஜை. டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அமுக்கி, லீவரை விட்டு, ஓங்கி ஒரு மிதி. தப்பாக மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவன் ஏறினால் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பான். நிறுத்திய இடத்தில் எல்லாம் எண்ணெய்ப் பொட்டு. அந்தப் பொட்டைக்கூடப் பெருமையாகப் பேசுகிற பக்தர்கள் இருந்தார்கள். பக்தர்களுக்குப் பிரச்னை இல்லை. ஆனால், பக்தர்கள் ஏற்கெனவே வண்டி வைத்திருக்கிறார்களே! புதிதாக வாங்க வேண்டியவன் பக்கத்து ஷோரூமுக்கு அல்லவா போய்க்கொண்டிருந்தான்?

ரெண்டு பக்கத்தையும் சமாளிக்க வேண்டும். கியரை இடது பக்கம் மாற்றினால் பழைய ஆட்கள் "புல்லட்டைக் கெடுத்துட்டாங்க"ன்னு சண்டைக்கு வருவார்கள். மாற்றாவிட்டால் புது ஆள் வரவே மாட்டான். மாற்றினார்கள். செல்ஃப் ஸ்டார்ட் கொடுத்தார்கள். 2002-ல் 'தண்டர்பேர்டு' வந்தது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புகை விதிகளுக்கு முன்னால் தாக்குப்பிடிக்காது என்று தெரிந்ததும், அலுமினியத்தில் இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கிற புது இன்ஜினைச் செய்தார்கள். அது 2008-ல் வண்டியில் ஏறியது. 2009-ல் அதே இன்ஜினைப் பழைய கால உடம்புக்குள் வைத்து 'கிளாசிக்' வந்தது. பார்வைக்குத் தாத்தா, உள்ளே பேரன்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 2000-லிருந்து 2009. ஒன்பது வருஷம்! நடுவில் ஐஷர் தன் 15 தொழில்களில் 13-ஐ விட்டொழித்தது. நன்றாக ஓடிய டிராக்டர் தொழிலைக்கூட 2005-ல் நம்ம சென்னை டாஃபே கம்பெனிக்கு விற்றுவிட்டு, லாரியையும் புல்லட்டையும் மட்டும் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் பால் கறக்கிற மாட்டை விற்றுவிட்டு நோஞ்சான் கன்றுக்குத் தீவனம் வாங்குகிற மாதிரி. நம் வீட்டில் செய்தால் பைத்தியம் என்பார்கள்.

2010-ல் வருஷத்துக்கு 50 ஆயிரம் வண்டி சொச்சம். 2013-ல் ஒரகடத்தில் புதுத் தொழிற்சாலை. 2014-ல் 3 லட்சத்தைத் தாண்டியது. 2024-25 நிதியாண்டில் 10 லட்சத்துக்கும் மேலே. இவ்வளவு வளர்ந்த பிறகும் பெட்ரோல் டேங்கின் தங்கக் கோட்டைக் கையால் இழுக்கிற கலைஞர்களுக்குத் திருவொற்றியூரில் பேர் உண்டு. நகரிப் பக்கம் கல்யாண வீட்டில் 'புல்லட்டு பண்டி' தெலுங்குப் பாட்டுக்குப் பெண்ணே இறங்கி ஆடுகிற காலம் வந்துவிட்டது. 2000-ல் அந்த போர்டு மீட்டிங்கில் கை தூக்கிக் கதையை முடித்திருந்தால் பாட்டும் கிடையாது, பண்டியும் கிடையாது.

"அப்படின்னா பழைய பேருக்கு மவுசு இருக்கு, நார்ட்டனும் ஜெயிக்கும்"னு முடிவு கட்டிடாதீங்க. என்ஃபீல்டுக்கு ஒரு வசதி இருந்தது. அது ஒரு நாள்கூட நின்றுபோகவில்லை. நஷ்டமோ கஷ்டமோ, 1955-லிருந்து வண்டி வெளியே வந்துகொண்டே இருந்தது. அதனால் புல்லட் மெக்கானிக் என்று ஒரு ஜாதியே ஊர் ஊருக்கு இருந்தது. புஷ் ராடு, கிளட்ச் பிளேட் எல்லாம் எந்த ஆட்டோமொபைல் கடையிலும் தொங்கும். ரீ-லாஞ்ச் செய்கிற கம்பெனிக்குப் பணத்தால் உடனே வாங்க முடியாத சொத்து அதுதான்.

ஜாவாவைப் பாருங்கள். மைசூரில் 1961-லிருந்து ஓடிய ஐடியல் ஜாவா, 'யெஸ்டி' என்று பேர் மாறி, 1996-ல் மூடப்பட்டது. 22 வருஷம் கழித்து, 2018 நவம்பர் 15-ம் தேதி, மஹிந்திரா பெரும்பங்கு வைத்திருக்கிற கிளாசிக் லெஜண்ட்ஸ் கம்பெனி ஜாவாவை மறுபடி கொண்டுவந்தது. என்ன வரவேற்பு! டிசம்பர் முடிவதற்குள், "அடுத்த செப்டம்பர் வரைக்கும் வண்டி எல்லாம் புக் ஆகிவிட்டது" என்று ஆன்லைன் புக்கிங்கையே நிறுத்தினார்கள். டெலிவரி ஆரம்பித்ததோ 2019 மார்ச் கடைசியில். முன்பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவன் என்ன செய்வான்? எதிர் ஷோரூமில் கிளாசிக் 350 தயாராக நிற்கிறதே! வண்டி நல்ல வண்டிதான், 2022-ல் யெஸ்டியும் வந்தது, 2024 சுதந்திர தினத்தன்று அதே கம்பெனி பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டாரையும் இந்தியாவில் விற்க ஆரம்பித்தது. ஆனால், முதல் நாள் கூட்டத்தை அவர்களால் முழுசாகக் கல்லாவுக்குக் கொண்டுவர முடியவில்லை. என்ஃபீல்டுக்குப் போட்டி என்று அவர்களைச் சொல்ல இன்றுவரை தயக்கமாகத்தான் இருக்கிறது.

ட்ரையம்ப் கதை இதற்கு நேர் எதிர். 1983-ல் கம்பெனி கவிழ்ந்ததும் பேரை வாங்கியவர், வீடு கட்டி விற்கும் ஜான் புளோர். உடனே பந்தா காட்டவில்லை. புது ஊரில் புதுத் தொழிற்சாலை, புது இன்ஜின் எல்லாம் தயார் செய்து 1991-ல்தான் விற்பனைக்கு வந்தார். எட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கிற நமக்குத் தெரியாதா?

இப்போது ஓசூருக்கு வருவோம். டி.வி.எஸ். நார்ட்டனை என்ன செய்திருக்கிறது?

என் பார்வையில் முதல் காரியம்தான் பெரிய காரியம். பழைய நிர்வாகம் விற்ற வி4 வண்டிகளைப் பிரித்து ஆராய்ந்தபோது பாதுகாப்புக் குறைகள் வரிசையாக வந்தன. "ஓட்டாதீர்கள்" என்று உரிமையாளர்களிடம் கம்பெனியே சொன்னது. தான் செய்யாத தப்புக்கு, வாங்கிய புதிதிலேயே மானத்தை விட்டு இப்படிச் சொல்வதற்கு ஒரு தில் வேண்டும். 2021-ல் சோலிஹல் நகரில் புதுத் தொழிற்சாலை திறந்தார்கள். அப்புறம் சில வருஷம் பெரிய சத்தமில்லை. 'பணத்தை முழுங்கிட்டு உட்கார்ந்திருக்காங்க'ன்னு கிண்டலடித்தவர்கள் உண்டு. 2025 நவம்பரில் இத்தாலியின் மிலான் கண்காட்சியில் நான்கு வண்டிகளை ஒரே நேரத்தில் காட்டினார்கள். 'மேங்ஸ் ஆர்', 'மேங்ஸ்', 'அட்லஸ்', 'அட்லஸ் ஜி.டி.'. இதில் மேங்ஸ் ஆர் 1,200 சி.சி., 200 குதிரைசக்திக்கு மேலே. அட்லஸ் 585 சி.சி. இரட்டை சிலிண்டர்.

போஸ்டராக உங்கள் சுவரில் ஒட்டப்படப்போவது மேங்ஸ் ஆர். கம்பெனிக்குச் சோறு போட வேண்டியது அட்லஸ். என் பந்தயம் இதில்தான். இங்கிலாந்தில் வருஷத்துக்குச் சில நூறு விலை உயர்ந்த வண்டிகளைச் செய்துகொண்டே இருந்தால் நார்ட்டன் சாகாது. பின்னால் டி.வி.எஸ். இருக்கிறதே, ஊட்டிவிடும். ஆனால், ஊட்டிவிட்டு வாழ்வதற்குப் பேர் பிழைப்பது இல்லை. நடுத்தர சைஸ் இரட்டை சிலிண்டர் வண்டியை ஓசூர்ச் செலவில் செய்து, உலகம் முழுக்க விற்றால் பிழைக்கும். என்ஃபீல்டு 2018-ல் 650 இரட்டை சிலிண்டர் இன்டர்செப்டரை இறக்கி, அந்தப் பாதை இருக்கிறது என்று ஏற்கெனவே காட்டிவிட்டது. அந்தப் பாதையிலேயே என்ஃபீல்டு குறுக்கே நிற்கிறது என்பதுதான் சிக்கல்!

இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சி.சி. வரைக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். அதற்கு மேலே போனால் 40. என்ஃபீல்டின் தினப்படிச் சோறான 350-களுக்கு விலை குறைந்தது. 585 சி.சி. அட்லஸ் இந்தியாவில் எந்த விலைக்கு வந்தாலும் இந்த 40-ஐச் சுமந்துகொண்டுதான் வர வேண்டும்.

ஆனால், டி.வி.எஸ். கையில் ஒரு சீட்டு இருக்கிறது, அதைக் குறைத்து எடை போடாதீர்கள். தன்னையே ஒரு தடவை ரீ-லாஞ்ச் செய்துகொண்ட கம்பெனி அது. 2001-ல் சுசுகியோடு உறவு முறிந்தபோது, "ஜப்பான்காரன் போயிட்டான், இனி அவ்வளவுதான்" என்றார்கள். அதே வருஷம் சொந்த மூளையில் 'விக்டர்' வந்தது. அப்புறம் அப்பாச்சி. இன்றைக்கும் எங்கள் ஊர்த் தெருவில் நூல் மூட்டையை முன்னால் வைத்து, பாவு உருளையைப் பின்னால் கட்டி, மேலே ஆளும் உட்கார்ந்து போவது டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில்தான். அது நின்றுபோனால் எந்த ஊரிலும் பத்து ரூபாய் சாமானில் கிளப்பிவிடுவார்கள். அந்த அறிவு கம்பெனிக்குள் இருக்கிறது. அதில் கொஞ்சம் நார்ட்டனுக்கு இறங்கினால் போதும்.

நம்மில் நிறையப் பேருக்கு பைக் என்பது அப்பாவின் கூலி. விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்த்து, மூன்று வருஷ இ.எம்.ஐ. போட்டு வாங்கித் தருகிற வண்டி. அதனால் எந்தப் பழைய பேர் புதிதாக வந்தாலும், 'ஷோரூம் எங்கே'ன்னு தேடுறதுக்கு முன்னாடி ஒரு நடை உங்கள் தெரு மெக்கானிக்கிடம் போங்க. "அண்ணே, இந்த வண்டியோட கிளட்ச் கேபிள் அறுந்துட்டா எத்தனை நாள்ல கிடைக்கும்?" அவ்வளவுதான் கேள்வி. ஜாவா, யெஸ்டி, 650 என்ஃபீல்டு, எதை வேண்டுமானாலும் கேளுங்க. அவர் சொன்ன பதிலை, ஊர்ப் பேரோடு, ஒரு போஸ்ட் கார்டு அளவுக்கு எழுதி அனுப்புங்க. திருத்தணி ஒரு பதில், சோளிங்கர் ஒரு பதில், நாகர்கோவில் ஒரு பதில்னு வந்தால் அடுத்த மாதம் பக்கத்தில் போட்டுப் பார்த்துடலாம்!